இருபத்தொரு கவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபதுக்குப் போன் வந்தது. பேசியவர் சித்தியின் கீழ்வீட்டில் குடியிருக்கும் தையல்காரம்மா. நான் விழித்துத்தான் இருந்தேன். எட்டு மணிக்குச் சித்தி வீட்டில் இருக்க வேண்டும். கைப்பையில் வைத்த ஒரு சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க சித்தி தண்ணி பிடிக்க இறங்கி வரலம்மா" என்றார் தையல்காரம்மா.

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். முதல் வாளியோடு நிற்பவர் சித்தி. அந்தக் கட்டடத்தில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் அவர் இரண்டாவதாக நின்றதை யாரும் பார்த்ததில்லை.

தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சாப்பாடு குறைந்ததால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். எழுபத்தொரு வயதில் எத்தனையோ காரணம் இருக்கலாம் என்றார். வந்தவர்கள் எல்லோரும் படுக்காமல் கிடக்காமல் போனாரே, கொடுத்து வைத்தவர் என்றார்கள். நானும் தலையாட்டினேன். கைப்பையில் இருந்த சீட்டைப் பற்றி அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. பத்தொன்பது வயதில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தொன்பது வருடம் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் நின்று மருந்து கட்டிக் கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஜன்னல்ல வர்றவங்க எல்லாம் வியாதியோட வந்தாங்க, என்ன பண்றது" என்பார். உள்ளே வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. மாத்திரைகளை எண்ணாமல் உள்ளங்கையில் அள்ளி, முப்பது என்று சொல்லிக் கவரில் போடுவார். சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. முப்பதுதான் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் காசு போட்டு ஒரு சின்னத் தராசும் கிராம் கற்களும் வாங்கிக் கொடுத்தார்கள். கேலிக்காகக் கொடுத்தது. சித்தி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு கழித்துப் போட இருந்த பழைய மருந்துக் கவர்களையும் ஒரு கட்டு கேட்டு வாங்கி வந்தார்.

வேலையில் பாதிக் காலம் தினக்கூலியாகவே ஓட்டியதால் அவருக்கு ஓய்வூதியம் அரைகுறைதான். அறை வாடகை, மின்சாரம், ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் போக மிஞ்சியதை வாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, கண் சொட்டு மருந்து வந்த ஓர் அட்டைப் பெட்டியில் போடுவார். அந்தப் பெட்டிதான் ஒரு வாரச் சாப்பாடு. அதற்குள் ஒரு ஆள் ஏழு நாள் சாப்பிட வேண்டும். சனிக்கிழமை மாலை சந்தை கலைகிற நேரத்துக்குப் போவார். கீறல் விழுந்த முட்டை, முந்தின நாள் ரொட்டி, அடிபட்ட உருளைக்கிழங்கு. காய்கறிக்காரருக்கு இவரைக் கண்டால் உற்சாகம். "டாக்டர் சீட்டு இல்லாம உங்களுக்கு வெங்காயம் தரமாட்டேன்" என்பார். "சீட்டு கொண்டுவந்தா எங்க ஆஸ்பத்திரில இலவசம். உங்க கடையிலயும் அப்படித்தானே?" என்று சித்தி கேட்பார். கடைசியில் ஒரு வெங்காயம் கூடுதலாக விழும்.

ஞாயிறு காலை எழுந்ததும் கட்டில் மேல் செய்தித்தாளை விரித்துத் தராசை வைப்பார். இருபத்தொரு கவர்கள். திங்கள் காலை, திங்கள் மதியம், திங்கள் இரவு என்று தொடங்கி ஞாயிறு வரை போகாது. ஞாயிறு காலை, மதியம், இரவில் தொடங்கிச் சனி இரவில் முடியும். ஒவ்வொன்றிலும் அந்த வேளைக்கு உண்டான ஓட்ஸோ அரிசியோ பருப்போ நிறுத்துப் போட்டு, எடையைக் கவர் மேலேயே பென்சிலால் எழுதுவார். கவரில் ஏற்கெனவே 'உணவுக்கு முன்', 'உணவுக்குப் பின்' என்று அச்சடித்திருக்கும். "இதுல எதை டிக் பண்றது சித்தி?" என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டையும் அடி. இதுவேதான் உணவு" என்றார். முட்டை ஓட்டிலும் கிழமை எழுதியிருக்கும். உருளைக்கிழங்கில் எழுத முடியாது. அதனால் பெரிதிலிருந்து சிறிதாக ஜன்னல் ஓரத்தில் அடுக்கி வைப்பார். வாரம் போகப் போகக் கிழங்கு சிறுத்துக்கொண்டே வரும்.

உதவி என்று யார் எதைக் கொண்டுபோனாலும் வாங்கமாட்டார். அம்மா ஒருமுறை ஒரு பை நிறைய மளிகை அனுப்பினார். அது பிரிக்கப்படாமலே தையல்காரம்மா வீட்டுக்குப் போய்விட்டது. அம்மாவுக்குக் கோபம். என்னைத் தூது அனுப்பினார். சித்தி நிதானமாகப் பதில் சொன்னார்.

"ஒரு வேளை சாப்பாட்டை நீங்க குடுத்தா, அடுத்த வேளையை எங்க உக்காந்து சாப்பிடணும்னும் நீங்கதான் சொல்வீங்க."

அவர் பயந்தது அதற்குத்தான். அந்த அறை போய்விடக் கூடாது. மூன்றாவது மாடியில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல். ஆனால் கதவின் உள்தாழ்ப்பாள் அவர் கையில் இருந்தது. பெரிய மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், அறுபத்திரண்டு வயதில் மறதி நோய் வந்து ஒரு காப்பகத்தில் இருந்தார். அங்கே தாழ்ப்பாள் வெளிப்பக்கம். மாதம் ஒருமுறை சித்தி போய்ப் பார்ப்பார். மாமா மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மதியச் சாப்பாடு இன்னும் வரவில்லை என்பாராம். நோய் அவரிடம் முதலில் காட்டிய அடையாளமும் அதுதான். சாப்பிட்டோமா இல்லையா என்பது போய்விட்டது. பெயர்களும் முகங்களும் அதற்குப் பிறகுதான் போயின. அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது.

நான் புதன்கிழமைதோறும் வேலை முடிந்து சித்தியைப் பார்க்கப் போவேன். நான் போனதும் அவர் எனக்குத் தேநீர் போடப் பால் வாங்கக் கீழே இறங்குவார். அந்தப் பால் செலவும் அட்டைப் பெட்டிக் கணக்கில் அடக்கம். மூன்று மாடி இறங்கி, மூலைக் கடைக்குப் போய், ஏறி வரப் பத்து நிமிடம்.

எட்டு மாதத்துக்கு முன் அப்படி ஒரு பத்து நிமிடத்தில்தான் 'வியாழன் இரவு' என்ற கவரைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். உள்ளங்கை நிறையவில்லை. மனிதர் ஒருவர் ஒரு இரவைத் தள்ளுவதற்கு அது போதாது. வீடு திரும்பும் பஸ்ஸில் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை என் கைப்பையில் அதே ரக அரிசியும் பருப்பும் ஒரு பொட்டலமாக இருந்தன. சித்தி பால் வாங்கப் போனதும் வியாழன், வெள்ளி, சனிக் கவர்களைப் பிரித்து இரண்டு இரண்டு கரண்டி சேர்த்தேன். பழையபடி மடித்து வைத்தேன்.

எல்லாம் அந்த மடிப்பில்தான் இருந்தது. சித்தியின் கவர் மடிப்பு மருந்தகத்தில் வேறு யாருக்கும் வராது. மேல் விளிம்பை இரண்டு முறை மடித்து, மூன்றாவது மடிப்பில் இடது மூலையை உள்ளே செருகி, நகத்தால் ஒரு கீறு. மாத்திரை கொட்டாது, ஈரம் ஏறாது, வேறு கை பிரித்தால் தெரிந்துவிடும். பள்ளி விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா மருந்தகத்தில் விட்டுவிட்டுப் போவார். ஜன்னலுக்குக் கீழே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சித்தியின் விரல்களைப் பார்த்துப் பார்த்து அந்த மடிப்பை நானே போடப் பழகினேன். அவர் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

கவர் மேல் எடை எழுதியிருப்பதை நான் பார்க்கத்தான் செய்தேன். எழுதிப் போடுபவர், பிரிக்கும்போது திரும்பவும் நிறுத்துப் பார்ப்பார் என்று மட்டும் தோன்றவில்லை. தராசு என்று பெயர் வாங்கிய பெண்ணிடம் போய் அப்படி நினைத்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சித்தியின் கன்னம் தேறுவதுபோல் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாவது மாதம் வாக்கில் ஏதோ மாறியது. "இன்னிக்குப் புதன்தானே?" என்று நான் உள்ளே நுழையும்போது கேட்டார். போகும்போதும் கேட்டார். கதவின் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுப்பு, குழாய், சாவி என்று எழுதிப் பக்கத்தில் கோடுகள். அடுப்பு பளிச்சென்று இருந்தது. சமைக்கிற அடுப்பு அப்படி இருக்காது. கவர்களில் சில வாரம் முடிந்தும் பிரிக்காமல் கிடந்தன. அவர் இளைத்துக்கொண்டே போனார். காசு போதாமல் வேளைகளை விடுகிறார் என்று நினைத்தேன். பயந்து இன்னும் ஒரு கரண்டி சேர்த்தேன். நான் கூட்டக் கூட்ட அவர் குறைந்தார்.

சித்தி இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு, ஒரு புதன்கிழமை, பால் வாங்கி வந்தவர் தீப்பெட்டியை என் கையில் கொடுத்து, "நீயே பத்த வை" என்றார். தேநீரை நான்தான் போட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். உங்கம்மா காதுக்குப் போகக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க சித்தி."

"அண்ணன் வியாதி எனக்கும் வந்திருச்சு."

கவர்களின் எடை தவறுகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை அறுபது கிராம் என்று தன் கையால் எழுதியது, வெள்ளிக்கிழமை பிரித்தால் எண்பத்தைந்து இருக்கிறது. முதலில் கல்லைச் சந்தேகப்பட்டிருக்கிறார். மருந்தகத்துக்கே கொண்டுபோய்க் கற்களைச் சரிபார்த்து வந்திருக்கிறார். கல் சரி. பிறகு ஒவ்வொரு கவரையும் இரண்டு முறை நிறுத்திருக்கிறார். அப்படியும் தவறுகிறது. மடிப்பு மட்டும் கலையவில்லை. தன் மடிப்பு, ஆகவே தன் கை. நிறுத்தது ஒன்று, எழுதியது ஒன்று, அதுவும் நினைவில் இல்லை. நிறுப்பதே மறந்துபோகிறவள் அடுப்பை அணைக்க மறந்தால் கீழே தையல்காரம்மாவும் அவர் பிள்ளைகளும் என்ன ஆவது என்று, நான் கூட இருக்கும் புதன்கிழமை தவிர, மூன்று மாதமாக அடுப்பையே தொடவில்லை. ரொட்டி, ஊறவைத்த ஓட்ஸ், தண்ணீர்.

"ஒரு நாள் தப்பினா கையைச் சொல்லலாம். மாசக்கணக்கா தப்புது. இது தலை."

அப்படியே சொல்லிவிட்டேன். நான்தான் சித்தி, நீங்கள் பால் வாங்கப் போகும்போது நான்தான் அரிசி சேர்த்தேன், உங்கள் தலையில் ஒன்றும் இல்லை. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன்.

சித்தி சிரித்தார்.

"சின்ன வயசுலயே நீ பொய் சொன்னா காது சிவக்கும். போய்க் கண்ணாடியைப் பாரு."

சிவந்துதான் இருந்தது. பயத்தில் சிவந்தது. பொட்டலத்தைக் காட்டியது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மளிகை கொண்டுவந்து கொடுப்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் செய்து தோற்றதுதானே. நான் ஒரு கவரை எடுத்து அவர் கண் முன்னாலேயே மடித்துக் காட்டினேன். இரண்டு மடிப்பு, மூலை செருகல், நகக் கீறு. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"நான் எப்ப உனக்குச் சொல்லிக் குடுத்தேன்? எனக்கு ஞாபகமே இல்லையே."

நீங்கள் சொல்லித் தரவில்லை, நானாகப் பார்த்துப் பழகினேன் என்றேன். அதுவும் ஆறுதலுக்குச் சொல்கிற இரண்டாவது பொய்யாக அவருக்குப் பட்டது. நான் மெய்ப்பிக்க எடுத்த ஒவ்வொன்றும் அவருக்கு எதிராகவே போய் நின்றது.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். மருந்தகத்தில் இருப்பு சரிபார்க்கிற மாதிரி செய்யலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவர் கவர் கட்டுவார். கவர் மேல் எடை எழுதமாட்டார். நான் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வாரம் முழுக்க அந்தப் பக்கமே வரக் கூடாது, புதன்கிழமையும்கூட. அவர் ஒவ்வொரு கவரைப் பிரிக்கும்போதும் நிறுத்து வேறொரு சீட்டில் எழுதுவார். அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அதுவரை போனிலும் எடையைப் பற்றிப் பேச்சு கூடாது.

"நடுவுல விடையைச் சொன்னா அதுக்குப் பேர் பரீட்சை இல்ல."

"ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா?"

"போச்சுன்னா நீ சொன்னது நிஜம். திருடின்னு திட்டலாம்னா, நீ எடுக்கலையே, போட்டிருக்கே. அதுக்கு என்ன பேர்னு யோசிச்சு வைக்கிறேன்."

"இல்லன்னா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "இல்லன்னா அக்காகிட்ட நானே சொல்லிடறேன். சாவியைக் குடுத்துடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தொரு கவர்களையும் கட்டினோம். அவர் ஒரு கவரிலும் தடுமாறவில்லை. அவரை ஓர் ஒப்பந்தத்துக்கு மட்டும் இறங்கி வரச் செய்தேன்: இந்த வாரம் சமைக்க வேண்டும். தையல்காரம்மா மேலே வந்து பக்கத்தில் நின்றால் அடுப்பைப் பற்றவைப்பதாக ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது என் சீட்டை வாங்கி, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"இல்லன்னா நீ மாத்தி எழுதிக் கொண்டுவருவே" என்றார்.

மாற்றி எழுதத்தான் இருந்தேன். ஏனென்றால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. ஒருவேளை அவர் சொன்னதும் உண்மையாக இருந்தால்? நான் சேர்த்தது உண்மை. அதனால் அவர் தலை சரியாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? புதன்தானே என்று ஏன் இரண்டு முறை கேட்டார்? இரண்டு சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அறையின் சாவியை அவர் கையிலிருந்து வாங்கப்போவது நான்தான். அந்த வாரம் என் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டேனா என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன், ஒரு நாளைக்கு இரண்டு முறை.

புதன்கிழமை போகக் கூடாது என்று தெரிந்தும் அவர் வீட்டு பஸ் நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எதிர்ச் சாரியில் ஒரு மருந்துக்கடை ஓரமாக நின்றேன். சரியாக ஐந்தரைக்குச் சித்தி இறங்கி வந்தார். மூலைக் கடை முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போனார். நான் வரமாட்டேன் என்பதை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்குத் தையல்காரம்மா வழக்கம்போல் மேலே போயிருக்கிறார். நெஞ்சு கரிக்கிறது, இன்றைக்கு அடுப்பு வேண்டாம், கொஞ்சம் படுத்து எழுந்து பார்க்கிறேன் என்று சித்தி கதவிடுக்கிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். "நான் உள்ள போய் உக்காந்திருக்கணும்மா" என்று தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுப்புப் பற்றவைக்கும்போது தன்னை ஏன் நிற்கச் சொன்னார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. நானும் சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்து, அறையைக் காலி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. சித்தியின் சீட்டு தராசுக்கு அடியில் இருந்தது. மூன்று நாள் அதை மடித்தபடியே வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிறு காலை நாற்பது, நாற்பது. ஞாயிறு மதியம் அறுபத்தைந்து, அறுபத்தைந்து. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினேன். செவ்வாய் இரவு என்னிடம் அறுபது, அவரிடம் ஐம்பத்தெட்டு. பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: 'பிரிக்கும்போது தரையில் சிந்தியது. பொறுக்கியது போக மீதி கட்டிலுக்கு அடியில்.' புதன் இரவு ஒத்துப்போனது. அங்கேயும் ஒரு குறிப்பு: 'பால் கடைக்குப் போனேன். அவள் வரமாட்டாள் என்று ஞாபகம் இருந்தது. இருந்தும் போனேன்.'

வியாழன், வெள்ளி, சனி. சனி மதியம் வரை எல்லாம் சரி. இருபது வேளை. முப்பது மாத்திரையை எண்ணாமல் அள்ளிய கை கடைசிவரை தவறவே இல்லை. அன்று எட்டு மணிக்கு அவரிடம் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சனி இரவுக் கவர் அவர் மடித்தபடியே இருக்கிறது. என் சீட்டில் அதற்கு அறுபது என்று எழுதியிருக்கிறது. அவர் சீட்டில் சனி இரவுக்கு நேரே ஒன்றும் இல்லை. தராசை மேசை மேல் வைத்து, ஒரு தட்டில் அறுபது கிராம் கல்லும் வைத்துவிட்டேன். கவரை இன்னும் மறுதட்டில் வைக்கவில்லை.